பாகில் மஞ்சளும் துளசியும் கலந்தால் தேனீ பிழைக்குமா?

கேள்வி, பிப்ரவரி 11

கம்பம் பக்கம் இத்தாலியத் தேனீ வளர்க்கிறேன், புதுசு. இரண்டு பெட்டியில் புழுக்கள் மஞ்சளாகி, முறுக்கிக்கொண்டு செத்துக் கிடக்கின்றன. புளித்த வாடை வருகிறது. பெட்டி விற்றவர் டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைப் பாகில் கலந்து வைக்கச் சொல்கிறார். எனக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க மனசில்லை. மஞ்சள், துளசி, வேப்பெண்ணெய் மூன்றையும் பாகில் கலந்தால் அதே வேலையைச் செய்யும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இயற்கைப் பொருள், கெடுதல் இருக்காது அல்லவா? அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், பிப்ரவரி 11, இரவு

வேப்பெண்ணெயைக் கீழே வையுங்கள் தம்பி. விளக்கம் நாளைக்கு.

பிப்ரவரி 12

வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சி தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். கத்தரிச் செடியில் புழுவுக்கு அடிப்பதே அதற்குத்தான். தேனீயும் பூச்சிதானே. உங்கள் பெட்டியில் படுத்துக் கிடப்பதும் தோலுரித்து வளர வேண்டிய புழுதான். கனடாவில் தேனீ மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணிக்கு வேப்பெண்ணெய் தெளித்துப் பார்த்தார்கள். உண்ணி குறைந்தது. கூடவே தேனீக்களும் குறைந்தன, ராணிகளும் போயின.

மஞ்சள் கெடுதல் செய்யாது, நல்லதும் செய்யாது. அதிலுள்ள கர்குமின் தண்ணீரில் கரைவதில்லை. பாகின் அடியில் வண்டலாகத் தங்கும், தேனீ மேலே உள்ள சர்க்கரையைக் குடித்துவிட்டுப் போகும். பெட்டியைத் திறந்தால் சாம்பார் வாசம் வரும், அவ்வளவுதான்.

துளசிச் சாறு ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவை அடக்கும். கிராம்பு, இலவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல் எண்ணெய்களும் அடக்கும். தேனீ நோய்க் கிருமிகளை வைத்தே நிறைய சோதனைகள் நடந்திருக்கின்றன, முடிவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டில் கிருமியின் தலையிலேயே மருந்தை ஊற்றுகிறோம். பெட்டியில் அப்படியா? நாம் வைக்கும் பாகைத் தேனீ குடித்து, வயிற்றில் வைத்து, இன்னொன்றுக்குக் கொடுத்து, அது சுரக்கும் பாலை அல்லவா புழு சாப்பிடுகிறது. நாம் கலந்ததில் எவ்வளவு புழுவின் வாய்க்குப் போய்ச் சேரும் என்று வீடியோக்காரர் சொன்னாரா?

‘இயற்கை’ என்பது பற்றியும் ஒரு வார்த்தை. டெட்ராசைக்ளின் குடும்பமே ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிரியிலிருந்து வந்ததுதான். தேனீயின் குடலைத் தாக்கும் நோசிமா நோய்க்குக் கொடுக்கும் ஃபூமாஜில்லின் ஒரு பூஞ்சை தருவது. அரளியும் இயற்கைதான்.

பிப்ரவரி 12, கொஞ்சம் கழித்து

முதலில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். செத்த புழு அடையில் மூடிய அறைக்குள் இருக்கிறதா, திறந்த அறையிலா? ஒரு தீக்குச்சியைச் செத்த புழுவுக்குள் விட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 14

படம் பார்த்தேன். அறைகள் திறந்தவை, குச்சியில் நூல் வரவில்லை என்கிறீர்கள். நல்ல செய்தி. பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நூலாக இழுபட்டால் அது அமெரிக்கப் புழு அழுகல். மூடி குழிந்து ஓட்டை விழுந்திருக்கும், பசை காய்ச்சிய நாற்றம் அடிக்கும். அதைக் கொண்டுவரும் பேனிபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின், விதை மாதிரி உறங்கும் வித்துகள் காய்ந்த அடையில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆன்டிபயாட்டிக் வித்துகளைக் கொல்லாது, முளைத்த கிருமியை மட்டும் அடக்கும். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். மூலிகை எண்ணெயும் இந்த இடத்தில் அதே கதைதான். நியூசிலாந்தில் இந்த நோய்க்கு ஆன்டிபயாட்டிக்கே கிடையாது. கண்டால் பெட்டியை எரித்துவிட வேண்டும்.

உங்களுடையது ஐரோப்பியப் புழு அழுகல் மாதிரி தெரிகிறது. மெலிசோகாக்கஸ் என்ற பாக்டீரியா. புழுவின் குடலில் உட்கார்ந்து அதன் தீனியைப் பங்கு போடும். சாப்பாடு தாராளமாக வந்தால் பல புழுக்கள் தப்பிவிடும், பஞ்சத்தில்தான் கொத்தாகச் சாகும். அதனால்தான் பூ வந்ததும் தானாகச் சரியாவதும் உண்டு. படத்தை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையில் கேட்டு, ஒரு துண்டு அடையைச் சோதனைக்குக் கொடுங்கள்.

அதுவரை: நோய்ப் பெட்டியில் அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை நல்ல பெட்டிக்கு மாற்றாதீர்கள். பெட்டிக்குப் பெட்டி கையையும் உளியையும் கழுவுங்கள். கூட்டத்தில் பலம் இருந்தால் தேனீக்களை மட்டும் சுத்தமான பெட்டியில், புது மெழுகுத்தாளில் உதறிவிட்டுப் பழைய புழு அடையை அழித்துவிடலாம். இங்கிலாந்தில் இந்த நோய்க்கு இது வழக்கமான முறை. மருந்தே இல்லை, மூலிகையும் இல்லை.

பிப்ரவரி 15

"ஒரு மாத்திரையில் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டவருக்கு.

தேனீயின் குடலில் அதற்கென்றே உள்ள பாக்டீரியாக்கள் சில வகைதான். ஸ்னோட்கிராசெல்லா, கில்லியாமெல்லா என்று ஆளுக்கு ஒரு வேலை. 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தேனீக்களுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்து, அடையாளமிட்டுப் பெட்டியில் திரும்ப விட்டார்கள். குடல் பாக்டீரியா சரிந்தது. மருந்து சாப்பிட்டவற்றில் பிழைத்திருந்தவை குறைவு. வேறு கிருமி தொற்றினால் தாங்கும் சக்தியும் குறைந்தது. அமெரிக்காவில் 1950-களிலிருந்தே இந்த மருந்தைப் பெட்டியில் போட்டு வந்திருக்கிறார்கள். அங்குள்ள தேனீக்களின் குடலில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்து கிடப்பதை 2012-ல் காட்டினார்கள். மருந்து போடாத நாடுகளில் அவை அரிது. 2017 முதல் அமெரிக்காவில் இந்த மருந்தைக் கால்நடை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாது.

நம் ஊர் யோக்கியதை 2010-லேயே சந்தி சிரித்தது. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் கடையில் வாங்கிய 12 தேன் மாதிரிகளைச் சோதித்ததில் 11-ல் ஆன்டிபயாட்டிக் இருந்தது. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனை நிறுத்தி வைத்தது. ஆகவே தம்பியின் தயக்கம் நியாயமானதுதான். பதிலுக்கு எதைப் பிடிப்பது என்பதில்தான் எனக்கு வாதம்.

பிப்ரவரி 19

ஒருவர் எழுதியிருக்கிறார்: "மார்த்தாண்டத்தில் அந்தக் காலத்தில் மூலிகையில்தான் தேனீ நோயைக் குணப்படுத்தினார்கள்."

நான் மார்த்தாண்டம் பக்கம்தான். 1991-92-ல் இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் தேனீ இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்பீர்களே, அது. அப்பாவின் பெட்டிகள் ரப்பர் தோட்டம் முழுக்க இருந்தன. ஒரு சீசனில் புழுக்கள் தலையை நிமிர்த்தியபடி சாக ஆரம்பித்தன. எடுத்துப் பார்த்தால் தோல் ஒரு பையாகி, உள்ளே தண்ணீர். தாய்லாந்து பைப்புழு வைரஸ். தாய்லாந்தில் 1976-ல் கண்டறிந்தது, இங்கே வந்து தென்னிந்தியக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கு மேல் துடைத்துவிட்டது.

அப்பா செய்யாத வைத்தியம் இல்லை. மாத்திரை வாங்கிப் பாகில் கலந்தார். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அப்புறம் மஞ்சள், துளசி, வேப்பிலைப் புகை. பக்கத்து வீட்டு மாமா பெட்டிக்குத் திருநீறு பூசினார். எல்லாவற்றுக்கும் ஒரே பலன்தான். காலையில் போனால் வாசலில் வெள்ளைப் பைகளாகப் புழு இழுத்துப் போடப்பட்டிருக்கும். சில கூட்டங்கள் பெட்டியை விட்டே பறந்துவிட்டன. காலிப் பெட்டியில் அம்மா கோழிக்கு அடை வைத்தாள்.

திரும்ப வந்தது எப்படி? அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கினார்கள். மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் தானாகப் பிழைத்திருந்தவற்றைப் பிடித்து வந்தார்கள். நோய் தலைகாட்டினால் ராணியைக் கூண்டில் அடைத்து முட்டையிடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். புழு இல்லையென்றால் வைரஸ் பெருக இடமில்லை. இப்போதும் நான் செய்வது அதுதான். பிழைத்த கூட்டத்தின் மகளைத்தான் ராணியாக்க வேண்டும், நிறையத் தேன் தருகிறது என்று நோஞ்சான் கூட்டத்தைப் பிரிக்கக் கூடாது.

ஆகவே மூலிகை குணப்படுத்தியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

பிப்ரவரி 20

வசம்புப் பொடி பற்றிக் கேட்ட அண்ணாச்சிக்கு: எறும்புக்குப் பெட்டிக் காலடியில் போடுங்கள், நானும் போடுகிறேன். பெட்டிக்குள் வேண்டாம். பூச்சியை விரட்டும் சரக்கு எது பூச்சி, எது தேனீ என்று ஆதார் கார்டு பார்த்து விரட்டாது.

பிப்ரவரி 24

எல்லாவற்றையும் தட்டிக்கழிக்கிறேன் என்று கோபம் வந்திருக்கிறது. சரி, செடியிலிருந்து வந்து, உலகம் முழுக்கப் பெட்டிக்குள் நிஜமாகவே வேலை செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். தைமால். ஐரோப்பாவில் தைம் செடியில் கண்டது, நம் வீட்டில் ஓமத்தில் இருப்பதும் அதுவே. ஓமத்தை நசுக்கினால் மூக்கில் ஏறுகிறதே, அந்த வாசனை.

இத்தாலியத் தேனீயின் வரோவா உண்ணிக்கு அது அங்கீகரிக்கப்பட்ட மருந்து. ஏபிகார்டு என்ற களிம்பில் 25 சதவீதம் தைமால் இருக்கிறது. 50 கிராம் தட்டை அடைகளின் மேல் வைத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ஆவியாகிப் பெட்டியெங்கும் பரவும். நோசிமாவுக்குப் பாகில் சிறிதளவு கலந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு, தொற்று குறைந்தது. உண்ணி குறைந்தால் அது சுமந்து வரும் வைரஸும் குறையும். பீருக்குப் போடும் ஹாப்ஸ் காயின் கசப்பு அமிலத்திலிருந்தும் அமெரிக்காவில் ஒரு உண்ணி மருந்து இருக்கிறது. இவையெல்லாம் அளவு, வெப்பநிலை, எச்சம் மூன்றும் பார்த்து வந்தவை. ‘ஒரு கைப்பிடி’ கணக்கில் வந்தவை இல்லை.

மார்ச் 2

ஓமம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் ஓம வாட்டரைப் பாகில் ஊற்றப்போவதாகச் சொல்கிறார். ஐயா, வேண்டாம்.

தைமால் வேலை செய்வது ஆவியின் அளவில். குளிரில் ஆவி எழாது, நம் ஏப்ரல் வெயிலில் குபுகுபுவென்று எழும். நான் ஒரு பழைய கூட்டத்தில் படிகத்தைத் துளி வைத்துப் பார்த்தேன். மதியத்துக்குள் பாதிக் கூட்டம் வெளியே வந்து பெட்டி முகப்பில் தாடியாகத் தொங்கியது. இத்தாலியத் தேனீ அதோடு பொறுத்துக்கொள்ளும். அடுக்குத் தேனீ கோபித்துக்கொண்டால் பெட்டியையே காலி செய்துவிடும். அதுவும் எங்கள் தேனீக்கு வரோவாவால் பெரிய தொல்லை இல்லை. அந்த உண்ணி முதலில் இதன் மேல்தான் வாழ்ந்தது, ஒன்றையொன்று துப்புரவு செய்து உதிர்த்துவிடும். எனக்குத் தைமால் தேவையே இல்லை, ஆசையில் வைத்தேன்.

இன்னொன்று, தேன் எடுக்கும் காலத்தில் எந்த வாசனைப் பொருளும் கூடாது. தைமால் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் தாண்டினாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். ஓமத் தேன் என்று தனி விலைக்கு விற்கலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள்.

மார்ச் 9

எனக்குப் பிடித்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். தேனீயே தேடிப் போகும் செடி மருந்து ஒன்று இருக்கிறது, பிசின். இத்தாலியத் தேனீ மரப்பிசினைச் சுரண்டி வந்து பெட்டியின் உட்சுவரில் பூசும், புரோபோலிஸ் என்பார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்லா ஸ்பிவாக் குழு பல வருடம் இதைப் பார்த்தது. பிசின் பூசிய பெட்டியில் தேனீக்களின் நோயெதிர்ப்பு மரபணுக்கள் குறைவாக வேலை செய்தன, அதாவது உடம்பு சும்மா போராடிச் சோரவில்லை. பூஞ்சையால் வரும் சுண்ணாம்புப் புழு நோயைப் பரப்பிப் பார்த்தபோது அந்தக் கூட்டங்கள் கூடுதலாகப் பிசின் தேடிப் போயின.

நாம் என்ன செய்கிறோம்? கையில் ஒட்டுகிறது, சட்டம் வரமாட்டேன் என்கிறது என்று உளியால் சுரண்டி எறிகிறோம். பெட்டியின் உள்ளே இழைப்புளி போட்டு வழவழப்பாக்குகிறோம். ஆசாரியிடம் சொல்லி உட்பக்கத்தை மட்டும் ரம்பம் அறுத்த சொரசொரப்போடு விடச் சொல்லுங்கள். வெடிப்பையும் சொரசொரப்பையும் கண்டால் தேனீ பிசின் பூசும். காசு செலவில்லாத வைத்தியம். கம்பம் தம்பிக்கு இது பொருந்தும்.

எனக்குப் பொருந்தாது. அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதே இல்லை. பெட்டி சரியில்லை என்றால் அடையைக் கடித்துக் குதறும், அல்லது ஊர் மாறும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதும் ‘தேனீ மருத்துவம்’ எல்லாமே இத்தாலியத் தேனீயை வைத்து எழுதியது. நம் தேனீக்கு அப்படியே மாட்டிவிடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். பிசினில் கில்லாடி யார் என்றால் கொசுத்தேனீ. அதன் கூடே மெழுகும் பிசினும் குழைத்துக் கட்டியதுதான். மாமரப் பட்டை கசிந்தால் கூட்டமாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். என் வீட்டுச் சுவரில் ஒரு கூடு இருக்கிறது. மருந்து, பாகு, வைத்தியம் எதுவும் காணாமல் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10

இல்லை, கொசுத்தேனீ கூட்டைச் சுரண்டி அடுக்குத் தேனீ பெட்டிக்குள் பூசக் கூடாது. கேட்பீர்கள் என்று தெரியும்.

மார்ச் 21

தேன் குறைந்த மாதங்களில் வெறும் சர்க்கரைப் பாகு கொடுப்பது பற்றி இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனி, ஆடி மழையில் எங்கள் பக்கம் பாகு கொடுக்காமல் முடியாது. ஆனால் பாகில் இல்லாதது என்ன என்று பாருங்கள். மகரந்தத்தில் பாரா-குமாரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. தேனீயின் நஞ்சு முறிக்கும் மரபணுக்களையும் சில நோயெதிர்ப்பு மரபணுக்களையும் அது தட்டி எழுப்பும் என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2013-ல் எழுதினார்கள். சர்க்கரையில் அது கிடையாது. துளசி போட்டாலும் மஞ்சள் போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

இதைக் கேட்டதும் சூரியகாந்தி போடலாமா என்பீர்கள். சூரியகாந்தி மகரந்தம் நோசிமா தொற்றைக் குறைத்ததாக 2018-ல் ஒரு ஆய்வு வந்தது உண்மை. அதே ஆய்வில், சூரியகாந்தி மட்டும் தின்ற தேனீக்கள் மகரந்தமே தின்னாதவை போலச் சீக்கிரம் செத்தன. அதில் புரதம் குறைவு. கிருமி குறைந்தது, தேனீயும் குறைந்தது. ஒரே பூவில் எல்லாம் கிடைக்காது.

ரப்பர் இன்னும் மோசம். தேன் வருவது பூவிலிருந்து அல்ல, துளிர் இலையின் காம்பிலிருந்து. தேன் குடம் குடமாக வரும், மகரந்தம் அங்கே கிடைக்காது. நாங்கள் பிழைப்பது தென்னையாலும் தொட்டாற்சுருங்கியாலும். ஆமாம், காலில் குத்தும் அந்த முள்ளுச் செடிதான். காலையில் அதன் இளஞ்சிவப்புப் பூவில் தேனீ உருண்டு எழுவதைப் பார்த்தால் திட்ட மனம் வராது.

ஏப்ரல் 3

தொட்டாற்சுருங்கி பற்றி எழுதியதும் ஒரு தோட்டக்காரர் கிண்டல் செய்தார்: "களை வளர்க்கச் சொல்கிறீர்களா?" ஆமாம். ரப்பர் பால்வெட்டுக்கு நடக்கும் வழியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டாமல் கிளைபோசேட் அடிக்கிறார்கள் என்பதுதான் தொல்லை. அது செடியைக் கொல்வது, அமினோ அமிலம் தயாரிக்கும் ஒரு பாதையை அடைத்து. அந்தப் பாதை தேனீக்குக் கிடையாது, அதனால் பாதுகாப்பானது என்றார்கள். தேனீயின் குடலில் உள்ள பாக்டீரியாவுக்கு இருக்கிறதே. 2018-ல் அதே டெக்சாஸ் குழு தேனீக்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தது. ஸ்னோட்கிராசெல்லா சரிந்தது, வேறு கிருமி தொற்றியபோது தேனீக்கள் கூடுதலாகச் செத்தன. நான் பிப்ரவரி 15-ல் டெட்ராசைக்ளினுக்கு எழுதிய அதே வரிகள்.

நாம் பெட்டிக்குள் மாத்திரை போடமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, பெட்டியைக் களைக்கொல்லி அடித்த தோட்டத்தில் கொண்டுபோய் இறக்குகிறோம். இந்தத் தடவை தோட்டக்காரரிடம் பேசி, என் பெட்டி இருக்கும் சரிவில் மட்டும் மருந்து அடிக்காமல் அரிவாளால் வெட்ட வைத்திருக்கிறேன். வாடகையாக நாலு பாட்டில் தேன் கூடுதல். அவர் ஆறு கேட்டார்.

ஏப்ரல் 17

கம்பம் தம்பி எழுதியிருக்கிறார். ஒரு கூட்டத்தைப் புதுப் பெட்டியில் உதறி மாற்றினாராம், தென்னந்தோப்புக்கு நகர்த்தியபின் புழு வெள்ளையாக இருக்கிறதாம். இன்னொன்றில் தேனீ குறைவாக இருந்ததால் அதை விட்டுவிட்டார், அழிந்துவிட்டது. இரண்டு பெட்டியை வைத்து எதுவும் நிரூபணமாகாது.

அமெரிக்காவில் தேனீக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாமே என்று ஒருவர். வந்துவிட்டது, ஊசி இல்லாத தடுப்பூசி. 2023 ஜனவரியில் நிபந்தனை அனுமதி அறிவித்தார்கள். ராணியைக் கவனிக்கும் வேலைக்காரத் தேனீக்களுக்கு வைக்கும் சர்க்கரைக் குழைவில் செத்த கிருமி இருக்கும், அவை சுரக்கும் பாலில் அது ராணிக்குப் போகும், எதிர்ப்பு முட்டை வழியாகப் புழுவுக்குப் போகும். ஆனால் அது அமெரிக்கப் புழு அழுகலுக்கு. தம்பிக்கும் உதவாது, எனக்கும் உதவாது.

கடைசியாக, ‘தேனீ மூலிகை டானிக்’ என்று ஒரு பாட்டில் எனக்கே அனுப்பி வைத்திருக்கிறார் ஒரு வியாபாரி. என்ன மூலிகை, எத்தனை சதவீதம், தேன் எடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், எதுவும் சீட்டில் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். சித்தர் ரகசியமாம். வைரஸுக்கும் கேட்கும், பாக்டீரியாவுக்கும் கேட்கும், உண்ணிக்கும் கேட்கும், தேனும் இரட்டிப்பாகும் என்றார். எறும்புக்கு ஊற்றிப் பார்த்தேன், எறும்பு விரும்பிக் குடிக்கிறது.

தம்பி, சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்கிறீர்கள். வந்ததும் இங்கே போடுங்கள். மெலிசோகாக்கஸ் இல்லை என்று வந்தால் நான் பிப்ரவரி 14-ம் தேதி எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, வேறு யோசிக்க வேண்டும்.